கிடாருக்குள் அடைத்த பஞ்சு

எங்கள் தெருவில் கரண்ட் போனால் எல்லோரும் வாய்விட்டுத் திட்டுவார்கள். நானும் ஒப்புக்குத் திட்டிவிட்டு உள்ளுக்குள் சந்தோஷப்படுவேன். அருப்புக்கோட்டையில் விசைத்தறித் தெருவில் பிறந்து, நாலு தறி ஓட்டிச் சாப்பிடுகிறவன் இப்படிச் சொல்லக் கூடாதுதான். ஆனால் மின்வெட்டு கடுமையாக இருந்த அந்த ஆண்டுகளை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஏக்கமாக இருக்கிறது. பகலில் சொல்லி வைத்தாற்போல் கரண்ட் போகும். ஒரே நொடியில் தெரு முழுக்கத் தறிகள் நிற்கும். அதுவரை இல்லாத சத்தங்கள் ஒவ்வொன்றாக வரும். பக்கத்து வீட்டில் யாரோ இருமுவது கேட்கும், மெயின் ரோட்டில் ஷேர் ஆட்டோக்காரர் ரெட்டியபட்டி, ரெட்டியபட்டி என்று கூவுவது கேட்கும். நான் எழுந்து போய்ச் சுவரில் மாட்டியிருக்கும் கிடாரை எடுப்பேன்.

என் மனைவி தறி மேடையை விட்டு நகர மாட்டாள். கரண்ட் இல்லாத நேரத்தில் செய்ய அவளுக்கு வேலை இருக்கும். நெடுக்கில் ஓடும் பாவில் அறுந்து தொங்கும் நூல்களைத் தேடி எடுத்து முடிச்சுப் போடுவாள். நான் எதிரே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்காருவேன். ஆம்ப் கிடையாது, வயர் கிடையாது. வெறும் கம்பியும் கட்டையும்தான். அந்த அறைக்கு வெளியே போகாத ஒரு சத்தம், எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் போதுமான அளவு வரும்.

அந்தக் கிடார் வீட்டுக்கு வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். கல்யாணமான இரண்டாவது வருஷம், தறிக்கு நாடா வாங்க மதுரைக்குப் போனேன். நாடா என்றால் ஊடை நூலைச் சுமந்துகொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பறக்கிற மரக்கட்டை. அது தேய்ந்து சிலும்பு கட்டினால் சேலை முழுக்க நூல் அறுந்துகொண்டே இருக்கும். வாங்கியே ஆக வேண்டிய சாமான். ஆனால் போகிற வழியில் ஒரு பழைய இசைக்கருவிக் கடை இருந்தது. அதன் கண்ணாடிக்குப் பின்னால் இது தொங்கிக்கொண்டிருந்தது. நான் அப்போதே கோயில் பொங்கல், கல்யாணம் என்று ஒரு மெல்லிசைக் குழுவில் இரவல் கிடார் வாசித்துக்கொண்டிருந்தேன். அதற்கு மேல் என்ன நடந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நாடா இல்லாமல் காரியாபட்டி வழியாக பஸ்ஸில் வந்து இறங்கினேன்.

"நாடா வாங்கப் போனவுக என்னத்த வாங்கியாந்திருக்கீக?" என்றாள் என் மனைவி. எங்கள் வீட்டில் தெலுங்கு, வாசலைத் தாண்டினால் தமிழ் என்பது தெரு வழக்கம். ஆனால் தறி ஓடும் வீட்டில் கத்தித்தான் பேச வேண்டும், கத்தும்போது எங்களுக்குத் தமிழ்தான் வரும். பெட்டியைத் திறந்தேன். அவள் பானை வாங்குகிறவள் மாதிரி கிடாரின் வயிற்றில் இரண்டு தட்டுத் தட்டினாள். முகம் சுருங்கியது.

"நல்லா ஏமாத்திப்புட்டான். பலகை ஊதிப்போயி இருக்கு பாருங்க. மழைத் தண்ணியில கெடந்த கட்டை."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எனக்குக் கோபம் வர அதிக நேரம் ஆகாது. ஆனால் அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. சாதாரணக் கிடாரின் மேல்பலகை தட்டையாக இருக்கும். இதன் பலகை நடுவில் புடைத்து, ஓரம் போகப் போகத் தாழும், கவிழ்த்துவைத்த தாம்பாளம் போல. முதுகும் அப்படியே. நடுவில் தேன் நிறம், ஓரத்தில் புளி கரைத்த மாதிரி கறுப்பு. நடுவில் வட்டமான ஓட்டை இருக்காது. அதற்குப் பதிலாக வயிற்றின் இரண்டு பக்கமும் வயலினில் இருப்பது போல வளைந்த நீளமான இரண்டு வெட்டு இருக்கும். ஒரு விரல் நுழைகிற அகலம்தான். அந்த வெட்டு வழியாக எட்டிப் பார்த்தால் உள்ளே ஒன்றும் இருக்காது. இந்தச் சாதியில் சில கிடார்களுக்கு உள்ளே நட்டநடுவில் ஒரு கட்டை ஓடும். என்னுடையது முழுக்கக் காலி.

புடைப்பு எதற்கு என்று அன்றைக்கு அவளை உட்கார வைத்து விளக்கினேன். இதில் கம்பிகளைத் தாங்குகிற பிரிட்ஜ் பலகையில் ஒட்டப்பட்டிருக்காது. இரண்டு கால் வைத்த சின்ன மரத்துண்டு, சும்மா நிற்கும். கம்பிகள் அடியில் ஒரு உலோக வாலில் போய் மாட்டியிருக்கும். அங்கிருந்து மேலேறி அந்த மரத்துண்டைத் தாண்டி இறங்கும்போது அதை ஓயாமல் கீழே அழுத்தும். அந்த அழுத்தத்திலேயே அது நிற்கிறது. எல்லாக் கம்பியையும் ஒரே நேரத்தில் கழற்றினால் பொத்தென்று விழுந்துவிடும். தட்டைப் பலகையாக இருந்தால் அந்தப் பாரத்துக்குக் குழி விழுந்துவிடும். வளைந்த பலகை தாங்கும். கண்மாய் மடையின் வளைவு பாரம் தாங்குகிற அதே கணக்குதான்.

"அப்ப ஊதல இல்ல?" என்றாள்.

"ஊதல."

"சரி. நாடாவுக்கு நாளைக்குப் போயிட்டு வாங்க."

கிடாரின் தடிமன் மூன்று விரல்தான். இந்த வகையில் பழைய கிடார்கள் இதைப் போல் இரண்டு மடங்கு தடிமனாக இருக்கும், கரண்ட் வராத காலத்தில் சத்தம் வேண்டும் என்பதற்காக. கம்பிக்குக் கீழே காந்தச் சுருள் வைத்துச் சத்தத்தை ஸ்பீக்கருக்கு அனுப்பலாம் என்று ஆன பிறகு அவ்வளவு பெரிய வயிறு தேவைப்படவில்லை. மெலிய வைத்துவிட்டார்கள். மேடையில் மூன்று மணி நேரம் நின்று வாசித்தாலும் தோள் வலிக்காது. கழுத்து வந்து சேரும் இடத்தில் ஒரு பக்கம் யாரோ கடித்தெடுத்த மாதிரி பள்ளம் வெட்டியிருக்கும். அந்தப் பள்ளத்தின் வழியே இடது கை உச்ச ஸ்தாயி வரை தங்குதடை இல்லாமல் ஏறும்.

எங்கள் குழுவை நடத்துகிறவன் என் வயதுக்காரன், கீபோர்டு வாசிப்பான். அவனுக்கு இது பிடிக்கவில்லை. "ஏலே, இது ரெண்டுங்கெட்டான்லே. முழுசா மேடைக்கும் ஆகாது, முழுசா வீட்டுக்கும் ஆகாது" என்றான்.

"கரண்டு போனா ஒன் கீபோர்டு துணி தேய்க்கிற பலகைலே. என்னுது அப்பவும் கிடாருதான்" என்றேன்.

உண்மையில் அந்த ரெண்டுங்கெட்டான் குணம்தான் எனக்குப் பிடித்தது. வயிறு இல்லாத முழுக் கட்டைக் கிடாரில் கரண்ட் இல்லையென்றால் கொசு கத்துகிற சத்தம்கூட வராது. பெரிய வயிற்றுக் கிடாரை வாசித்தால் தெருவே கேட்கும். பக்கத்து வீட்டு அத்தை மறுநாள் குழாயடியில் விமர்சனம் பண்ணும். இது இரண்டுக்கும் நடுவில், ஒரு அறைக்குச் சரியாக இருந்தது. அதுவும் தறி நின்றால்தான். நாலு தறி கடகடக்கும்போது வாசித்தால் எனக்கே கேட்காது. அதனால் அந்தச் சத்தத்தை இந்த உலகத்தில் கேட்டவர்கள் நானும் அவளும்தான், அதுவும் மகள் பள்ளிக்கூடம் போயிருக்கிற பகல் மின்வெட்டில் மட்டும்.

அப்போது நானாக ஒரு சின்ன மெட்டுக் கட்டினேன். பெயர் எல்லாம் இல்லை. தடித்த கம்பிகளில் கீழே ஆரம்பித்து மெதுவாக மேலேறி, கடைசியில் ஆக மெல்லியதான முதல் கம்பியின் உச்சியில் ஒரே ஒரு சுரத்தில் முடியும். அந்தக் கடைசிச் சுரத்துக்கு அவள் 'சொட்டு' என்று பெயர் வைத்தாள். காலிக் குடத்தில் குழாய்த் தண்ணீரின் முதல் சொட்டு விழுகிற சத்தம் மாதிரி இருக்கிறதாம். வாரத்துக்கு ஒரு முறை தண்ணீர் வருகிற ஊரில் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. மெட்டு முழுக்கத் தலையைக் குனிந்து முடிச்சுப் போட்டுக்கொண்டே இருப்பாள். சொட்டு விழும்போது மட்டும் நிமிர்ந்து என்னைப் பார்த்து ஒரு தலையாட்டல். மேடையில் ஆயிரம் பேர் கைதட்டியிருக்கிறார்கள். எனக்கு அந்தத் தலையாட்டல்தான் கணக்கு.

தறியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நான் தறிக்குப் போகும்போது காதில் பஞ்சு வைத்துக்கொள்வேன். பாட்டுக்காரன் காதைக் காப்பாற்ற வேண்டும் என்று யாரோ சொன்னதிலிருந்து பிடித்த பழக்கம். அவளையும் வைக்கச் சொன்னேன். வைக்கவே மாட்டாள்.

"நாலு தறி ஓடுது. எதுல எழை அத்துச்சு, எதுல நாடா முக்குதுன்னு காதுதான் சொல்லுது. அதுல போயிப் பஞ்ச அடைக்கச் சொல்றீக" என்பாள். அது நிஜம்தான். எங்கள் தறிகள் பழையவை, நூல் அறுந்தால் தானாக நிற்காது. அவள் மூன்றாவது தறிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாலும், அங்கே ஒரு இழை அறுந்தால் சத்தத்தின் மாற்றத்திலேயே கண்டுபிடித்துத் திரும்பிவிடுவாள். மோட்டாரில் பேரிங் தேய்கிறதா என்று பார்க்க, நீளத் திருப்புளியின் நுனியை மோட்டார்மேல் வைத்து, பிடியைக் காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பில் அழுத்திக் கேட்பாள். மெக்கானிக் வருவதற்கு முன்பே இவள் சொல்லிவிடுவாள். நான் அந்த அளவுக்குத் தறிக்காரன் இல்லை, அதனால் பஞ்சு வைத்தேன். ஒரு கட்டத்துக்கு மேல் நானும் அவளை வற்புறுத்தவில்லை.

இனிதான் நான் செய்த காரியம் வருகிறது. திருச்சுழி தாண்டி ஒரு கரிசல்காட்டுக் கிராமத்தில் அம்மன் கோயில் பொங்கல். மேடை என்று ஒன்று இல்லை, ஒரு டிராக்டர் டிரெய்லரை நிறுத்தி அதன் மேல் ஜமுக்காளம் விரித்திருந்தார்கள். ஆறு பேர் நிற்க இடமில்லை. ஆளுயர ஸ்பீக்கர் இரண்டும் என் முதுகுக்குப் பின்னால். முதல் பாட்டில் கிடாரைத் தொட்டதும் ஒரு ரீங்காரம் ஆரம்பித்தது. அடங்கும் என்று நினைத்தேன். அது வளர்ந்து ஊளையாகிவிட்டது. காலி வயிறு உள்ள கிடாருக்கு இந்த வியாதி உண்டு. ஸ்பீக்கர் சத்தம் பலகையை அதிர வைக்கும், பலகை கம்பியை அதிர வைக்கும், கம்பியின் சத்தம் திரும்ப ஸ்பீக்கருக்கே போய்ப் பெரிதாகும். கூட்டத்தில் ஒருவர், "ஏப்பா, கருவக்காட்டுல இருந்து நரி வந்திருச்சு" என்று கத்தினார். ஊரே சிரித்தது. பாடிக்கொண்டிருந்த பெண்ணும் வரியை விட்டுவிட்டுச் சிரித்துவிட்டாள்.

"ஏலே, அடுத்த வாட்டி இந்த நரியோட வராத" என்று குழுத் தலைவன் எல்லோர் முன்னாலும் சொன்னான். கச்சேரி முடிந்ததும் கிடாரைப் பெட்டியில் போட்டு வேனில் ஏறினேன். வீட்டில் இதைச் சொல்லவில்லை. அவமானத்தை வீட்டில் சொல்லிக்கொள்ளும் பழக்கம் எனக்கு இல்லை.

மறுநாள் என் மனைவி பூ வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். தறிக்குப் பக்கத்தில் பல வருஷமாகச் சேர்ந்த வேஸ்ட் மூட்டை இருந்தது. பாவு முடியும்போது மிஞ்சும் நூல் துணுக்கு, ஊடை சுற்றிய தாரில் ஒட்டியிருக்கும் மிச்சம், பஞ்சுப் பிசிர் எல்லாம் அதில் கிடக்கும். மோட்டாருக்கு எண்ணெய் போட்டால் கை துடைப்பதும் அதில்தான், தறிச் சட்டம் ஆடினால் இடுக்கில் அடைப்பதும் அதைத்தான். எங்கள் தெருவில் எது ஆடினாலும், எது கத்தினாலும், கை தானாக வேஸ்ட் மூட்டைக்குத்தான் போகும். எனக்கும் போனது. கை கையாக அள்ளி, கிடாரின் அந்த இரண்டு வெட்டு வழியாகவும் திருப்புளிப் பிடியால் குத்திக் குத்தி அடைத்தேன். வயிறு நிறைந்த பிறகுதான் கோபம் இறங்கியது.

அடுத்த கச்சேரியில் கிடார் ஊளையிடவில்லை. குழுத் தலைவன் முதுகில் தட்டிக்கொடுத்தான். தறிக்காரன் மூளையே தனி என்றான். நானும் பெருமைப்பட்டுக்கொண்டேன். இரண்டடி தள்ளி, ஸ்பீக்கருக்குப் பக்கவாட்டில் நின்றிருந்தாலே பாதி ஊளை அடங்கியிருக்கும் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

வீட்டில் வயர் இல்லாமல் வாசித்தால் சத்தம் அமுங்கிப்போய்த்தான் வந்தது. அது எனக்குத் தெரியாமல் இல்லை. எனக்குக் கட்டை நெஞ்சில் படிந்திருக்கிறது, அதிர்வு உடம்பு வழியாக வந்துவிடுகிறது, அதனால் பெரிதாகத் தோன்றவில்லை. எதிரே இருக்கிறவளுக்கு என்ன கேட்கும் என்று நான் யோசிக்கவில்லை. மேடைக்கு ஆகிவிட்டது, போதும் என்று இருந்துவிட்டேன். அதோடு மின்வெட்டும் குறைந்துவிட்டது. மாதம் ஒரு நாள், பராமரிப்புப் பணி என்று பேப்பரில் போட்டுவிட்டுப் பகலில் நிறுத்துவார்கள், அவ்வளவுதான். அந்த நாட்களில் ஸ்டூலை எடுத்துப் போட்டு அதே மெட்டை வாசிப்பேன். அவள் முடிச்சுப் போடுவாள். கடைசியில் நிமிர்ந்து தலையாட்டுவாள். இப்படிப் பதினோரு வருஷம் போயிற்று. மகளைக் கட்டிக்கொடுத்தோம். குமாரலிங்கபுரத்தில் பெரிய ஜவுளிப் பூங்கா வருகிறது, அங்கே வேலை கிடைக்கும் என்று தெருவில் பேச்சு அடிபட ஆரம்பித்தது. எங்கள் நாலு தறியும் ஓடிக்கொண்டேதான் இருந்தன.

போன சித்திரையில் ஒரு பராமரிப்பு நாள். காலை ஒன்பதுக்குக் கரண்ட் போனது, ஐந்துக்குத்தான் வரும். முதல் நாள் ஒத்திகையில் கிடாரின் முதல் கம்பி அறுந்துபோயிருந்தது, மாற்றவில்லை. இருக்கிற ஐந்து கம்பியில் வாசிப்போம் என்று உட்கார்ந்தேன். மெட்டு மேலேறியது. முடிவுக்கு வந்ததும் பழக்க தோஷத்தில் இடது கை அந்தப் பள்ளத்துக்குள் போய் உச்சியில் நின்றது. வலது கை வெறும் காற்றைத் தட்டியது. அங்கே கம்பி இல்லை. சத்தமும் இல்லை.

அவள் நிமிர்ந்து பார்த்துத் தலையாட்டினாள்.

வேண்டுமென்றே மறுபடியும் ஒரு முறை வாசித்தேன். மறுபடியும் கை உச்சிக்குப் போனது, மறுபடியும் தலையாட்டினாள். என் கையைப் பார்த்துத்தான் ஆட்டுகிறாள் என்று அப்போது புரிந்தது.

"இப்ப என்ன கேட்டுச்சு ஒனக்கு?" என்றேன்.

"சொட்டு."

"கம்பியே இல்ல. பாரு."

அவள் கிடாரைப் பார்த்தாள். கையிலிருந்த நூலைக் கீழே வைத்தாள். நான் சும்மா இருந்திருக்க வேண்டும். என் புத்தி, கத்தினேன். என்னை என்ன கேணையன் என்று நினைத்தாயா, எத்தனை நாளாக இந்த நாடகம் என்று கேட்டேன். கரண்ட் இல்லாததால் தெரு முழுக்கக் கேட்டிருக்கும்.

"கத்தாதீக" என்றாள். "நீங்க பேசுறது கேக்குது. கிடாருதான் கேக்கல. ரொம்ப வருசமாக் கேக்கல."

"எப்ப இருந்து?"

"திருச்சுழிப் பக்கம் பொங்கலுக்கு வாசிக்கப் போயி மூஞ்சியத் தொங்கப்போட்டுக்கிட்டு வந்தீகள்ல, அதுக்குப் பெறகு. ஒருநா கரண்டு போச்சு. வாசிச்சீக. கை ஓடுது, சத்தத்தக் காணோம். தறிச் சத்தத்துல காது போயிருச்சுன்னு நெனச்சுக்கிட்டேன். சொன்னா டாக்டர்ட்ட இழுத்துட்டுப் போவீக. அவரு தறிப் பக்கமே போகாதம்பாரு. நாலு தறிய யாரு பாக்குறது? அதோட, நீங்க வாசிக்கிறத நிப்பாட்டிருவீக."

நான் சிரித்துவிட்டேன். சிரிப்பா அழுகையா என்று எனக்கே தெரியாத ஒன்று. பதினோரு வருஷம்! செவிடாகிவிட்டோம் என்று ஒருத்தி பயந்து, மறைத்து, கையைப் பார்த்துத் தலையாட்டியிருக்கிறாள். காரணம் அவள் காது இல்லை, என் பஞ்சு. "ஒன் காதுக்கு ஒண்ணும் இல்லடி. எல்லாம் நான் செஞ்ச வேலை" என்று கிடாரைத் தூக்கி அவள் மடியில் வைத்தேன். அந்த வெட்டு வழியாகப் பார்க்கச் சொன்னேன். அவள் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள்.

"என்னங்க இது, வேஸ்ட்டு?"

நடந்ததைச் சொன்னேன். நரி என்று ஊர் சிரித்ததையும் சொன்னேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "காதுல வைக்கச் சொன்னீக, நான் வைக்கல. கிடாரு கேக்கவே இல்ல, அதுக்குப் போயி வச்சுட்டீக" என்றாள்.

அச்சில் இழை கோக்கிற மெல்லிய கொக்கியை எடுத்துவந்து அவளே வெளியே இழுக்க ஆரம்பித்தாள். நான் இழுத்தால் பலகையைக் கீறிவிடுவேனாம். கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. நான் அதை அழுக்குப் பஞ்சு என்றுதான் நினைத்திருந்தேன். அவளுக்கு அப்படி இல்லை. ஒரு கிளிப்பச்சை இழையை விரலில் சுற்றிப் பார்த்து, "தீவாளிக்கு ஓட்டுன பாவு. கரையில மாம்பழ மஞ்சள் போட்டோம்" என்றாள். அப்புறம் ஒரு வெங்காயத்தோல் நிறம். "இது ஒங்க மக வயசுக்கு வந்தப்ப தறியில இருந்தது. சடங்குக்கு இதுலதான் ரெண்டு சேலை எடுத்து வச்சேன்." ஊதா வந்தது, அரக்கு வந்தது. தரையில் சின்னக் குவியல் எழும்பியது. அந்த வருஷங்கள் எங்கே போயின என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன். எல்லாம் என் கிடாருக்குள் கிடந்திருக்கின்றன. நாங்கள் இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி தரையில் உட்கார்ந்து வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

சாப்பிட்டுவிட்டுப் புதுக் கம்பி மாட்டினேன். சுருதி சேர்த்தேன். தடித்த கம்பியை முதலில் தட்டியதுமே அறை நிறைந்தது. இதைப் போய் இத்தனை வருஷம் அமுக்கி வைத்திருந்தேனே என்று இருந்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "கேக்குது! ஏங்க, கேக்குது!" என்றாள். நான் மெட்டை ஆரம்பித்தேன். இந்த முறை அவள் முடிச்சுப் போடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். மெட்டு மேலேறியது. முதல் கம்பியின் உச்சியில் கையை வைத்து, சொட்டை விட்டேன். நன்றாகத் தெளிவாக விழுந்தது. அறைச் சுவரில் பட்டு எனக்குத் திரும்பக்கூடக் கேட்டது.

அவள் கண்ணைத் திறக்கவில்லை. காத்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "வாசிச்சாச்சா?" என்றாள்.

அவளே கண்ணைத் திறந்து என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள்.

பிறகு மதுரையில் டாக்டர் பார்த்துச் சொன்னார். தறிச் சத்தத்தில் காது போகும்போது முதலில் மெல்லிய, உச்சத்தில் இருக்கிற சத்தங்கள்தான் போகும். பேச்சு, தறி, தடித்த கம்பி எல்லாம் கடைசிவரை கேட்கும். வருஷக்கணக்காகக் கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருக்கிறது, இனி திரும்ப வராது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார். வீட்டுக்கு வருகிற பஸ்ஸில் நான் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன். பஞ்சு அவள் காதைக் கெடுக்கவில்லை, தறிதான் கெடுத்தது. ஆனால் பஞ்சு இல்லாமல் இருந்திருந்தால், சொட்டு மங்க ஆரம்பித்த அன்றைக்கே அவளுக்குத் தெரிந்திருக்கும். அவள் காதை அளந்து சொல்ல இந்த வீட்டில் ஒரு கருவி இருந்தது. அதன் வாயை நான் அடைத்துவைத்தேன். ஊர் சிரித்தது என்பதற்காக. இதை எழுதும்போதும் எனக்கு என் மேல் ஆத்திரம்தான் வருகிறது.

ஆனால் அது பிறகு. அன்றைக்கு மத்தியானம், "வாசிச்சாச்சா" என்று அவள் கேட்ட பிறகு, நான் கிடாரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் எழுந்து போனாள். அழப் போகிறாள் என்று நினைத்தேன். தறிக்குப் பக்கத்தில் போய்த் திருப்புளியை எடுத்தாள். திரும்பிக் கிடாரைப் பார்த்தாள். திருப்புளியை வைத்துவிட்டு, ஊடை நூல் சுற்றுகிற தார்க்குச்சி ஒன்றை எடுத்துவந்தாள். ஒரு சாண் நீளம், வழவழவென்று தேய்ந்த மரம். ஸ்டூலுக்குப் பக்கத்தில் தரையில் மண்டியிட்டாள். குச்சியின் ஒரு முனையைக் கிடாரின் புடைப்பில், பிரிட்ஜுக்குப் பக்கத்தில் வைத்தாள். மறு முனையைக் காதுக்குப் பின்னால், மோட்டாருக்கு வைக்கிற அதே எலும்பில் அழுத்திக்கொண்டாள்.

"ம், வாசிங்க" என்றாள்.

முதல் வாட்டி பாதியில் தப்பாகப் போய் நிறுத்தினேன். "என்ன, நரி வந்திருச்சா?" என்றாள். மறுபடி ஆரம்பிக்கும்போதுதான் கரண்ட் வந்தது. ஐந்து மணி ஆகக்கூட இல்லை. பக்கத்து வீட்டுத் தறி, எதிர் வீட்டுத் தறி, வரிசையாகத் தெரு முழுக்கக் கடகடவென்று எழுந்தது. எங்கள் தறிகளின் சுவிட்சை அவள் காலையிலேயே அணைத்து வைத்திருந்தாள். ஆனாலும் சுவர் அதிர்ந்தது. நான் கம்பியைத் தட்டுகிறேன், என் கிடார் எனக்கே கேட்கவில்லை. போதும், எழுந்திரு என்று கையால் காட்டினேன். அவள் அசையவில்லை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, குச்சியை இன்னும் அழுத்தினாள்.

சரி என்று கை போன போக்கில் வாசித்தேன். தடித்த கம்பியில் ஆரம்பித்து, மேலேறி, பள்ளத்துக்குள் கை போய், முதல் கம்பியின் உச்சியில் சொட்டை விட்டேன். விழுந்ததா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. தறிச் சத்தம் தவிர எனக்கு எதுவும் கேட்கவில்லை.

அவள் கண்ணைத் திறந்து நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். தலையாட்டவில்லை. கண்ணில் தண்ணீர் நின்றது.

"தறியப் போடவா?" என்று கத்திக் கேட்டேன். ஒரு நிமிஷம் தறி நின்றாலும் பொறுக்காதவள் அவள்.

"தறி கெடக்கு" என்றாள். "சொட்டு விழுந்துச்சு. இன்னொரு வாட்டி வாசிங்க."

நான் வாசித்தேன்.